ஸ்டார்லிங்க் வந்தால் கேமில் 'லேக்' போய்விடுமா? மயிலாப்பூர், தி.நகர், அடையாறுவாசிகள் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

"நெட் எப்போ சார் வரும்?"

"ரோட்டைத் தோண்டியிருக்காங்க, கேபிள் கட் ஆயிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள வந்துடும்."

சென்னையில் வீட்டு பிராட்பேண்ட் வைத்திருக்கும் யாருக்கும் இந்த உரையாடல் புதிதல்ல. மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பாதைகள் கச்சேரி சாலை, திருமயிலை, மந்தைவெளி, அடையாறு, நந்தனம், பனகல் பார்க் என்று தென், மத்திய சென்னையின் நடுவே போகின்றன. பள்ளங்களுக்குப் பஞ்சமில்லை. இன்னொரு பக்கம், மின்கம்பத்திலும் மரத்திலும் தொங்கும் கேபிள்களை மாநகராட்சி அவ்வப்போது வெட்டி அகற்றுகிறது.

இந்த எரிச்சலில்தான் "ஸ்டார்லிங்க் வரட்டும், ஃபைபரைத் தூக்கிப் போட்டுடலாம்" என்ற பேச்சு வருகிறது. வானத்திலிருந்து வரும் இணையத்தை எந்த ஜேசிபியும் வெட்ட முடியாது என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் ஒரு பிள்ளை வேலோரன்ட்டோ பிஜிஎம்ஐயோ ஆடுகிறது, அதற்காகவே இணைப்பை மாற்றலாம் என்று யோசிக்கிறீர்கள் என்றால், கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடலாம். பிரவுசிங்குக்கு இந்தப் புதிய வகை சாட்டிலைட் இணையம் தாராளமாகப் போதும். கேமிங்குக்கும் 'ஓடும்'. ஆனால் ஃபைபர் வீட்டு வாசல் வரை வந்துவிட்ட ஒரு தெருவில், அதிகப் பணம் கொடுத்து ஒரு படி குறைந்த இணைப்பை வாங்குவதாகத்தான் அது முடியும்.

இப்போது வாங்க முடியுமா?

2021-ல் ஸ்டார்லிங்க் இந்தியாவில் முன்பதிவுப் பணம் வாங்கத் தொடங்கியது. உரிமம் இல்லாத சேவைக்குப் பணம் கட்டாதீர்கள் என்று அந்த ஆண்டு நவம்பரில் மத்திய அரசு எச்சரித்தது. உரிமம் கிடைத்தது 2025 ஜூனில். அடுத்த மாதம் விண்வெளித் துறையின் இன்ஸ்பேஸ் அமைப்பும் ஐந்து ஆண்டுகளுக்கு அனுமதி கொடுத்தது. அதற்கு முன்பே, 2025 மார்ச்சில், ஏர்டெல்லும் ஜியோவும் அடுத்தடுத்த நாட்களில் ஸ்டார்லிங்குடன் கைகோத்திருந்தன. பார்தி குழுமம் பங்கு வைத்திருக்கும் ஒன்வெப், ஜியோவின் சாட்டிலைட் நிறுவனம் ஆகிய இரண்டிடமும் ஏற்கெனவே உரிமம் இருக்கிறது.

இருந்தும் 2025 முடியும் வரை வீடுகளுக்கான சேவை தொடங்கவில்லை. அலைக்கற்றைக் கட்டணம், பாதுகாப்புச் சோதனை என்று இழுத்துக்கொண்டே போனது. 2025 டிசம்பரில் ஸ்டார்லிங்கின் இந்திய இணையப் பக்கத்தில் மாதம் 8,600 ரூபாய், கருவிக்கு 34,000 ரூபாய் என்று ஒரு விலை தெரிய, ஊரே அதைப் பேசியது. 'அது சோதனைக்காகப் போட்ட போலித் தகவல், விலை இன்னும் அறிவிக்கவில்லை' என்று நிறுவனம் மறுத்தது. அதற்குச் சில மாதங்கள் முன், மாதக் கட்டணம் சுமார் 3,000 ரூபாய் இருக்கலாம் என்றும், வேகம் 200 எம்பிபிஎஸ் வரைதான், நாடு முழுக்க 20 லட்சம் இணைப்புகள்தான் கொடுக்க முடியும் என்றும் மத்திய தொலைத்தொடர்பு இணையமைச்சர் பெம்மசானி சந்திரசேகர் கூறியிருந்தார்.

ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவிடுவது நல்லது. "அமெரிக்காவிலேர்ந்து அண்ணன் வரும்போது ஒரு டிஷ் எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?" என்று கேட்பவர்கள் மயிலாப்பூரில் நிச்சயம் இருப்பார்கள். வேண்டாம். அனுமதி பெறாத ரேடியோ கருவியை இங்கே இயக்குவது சட்டவிரோதம்.

கேமுக்கு எம்பிபிஎஸ்தானே முக்கியம்?

இல்லை. பெரும்பாலான வீடுகளில் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுதான். '100 எம்பிபிஎஸ் போட்டும் கேம் ஏன் தொங்குது' என்ற கேள்வியும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

எம்பிபிஎஸ் என்பது தண்ணீர்க் குழாயின் அகலம் மாதிரி. 100 ஜிபி கேமை டவுன்லோடு செய்ய அகலம் வேண்டும். ஆனால் ஆடும்போது ஒரு கேம் அனுப்புவதும் வாங்குவதும் துளித் துளியான தகவல். 'நான் இடது பக்கம் திரும்பினேன், சுட்டேன்' என்பது போன்ற சிறு செய்திகள். அந்தத் துளி எவ்வளவு சீக்கிரம் சர்வருக்குப் போய்த் திரும்புகிறது என்பதுதான் பிங். அதை மில்லி செகண்டில் அளக்கிறார்கள். ஆயிரம் மில்லி செகண்ட் சேர்ந்தால் ஒரு விநாடி.

வேலோரன்ட் சர்வர் ஒரு விநாடிக்கு 128 முறை ஆட்ட நிலவரத்தைப் புதுப்பிக்கிறது. அதாவது ஏறக்குறைய 8 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை. உங்கள் பிங் 25, எதிராளி பிங் 65 என்றால், ஒரே சமயத்தில் இருவரும் ட்ரிகரை அழுத்தினாலும் உங்கள் குண்டு இரண்டு மூன்று சுற்று முன்னதாகவே பதிவாகிவிடும். "மச்சான், நான்தான்டா ஃபர்ஸ்ட் அடிச்சேன்!" என்று பக்கத்து அறையிலிருந்து கேட்கும் கத்தலுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

இதிலும் பெரிய வில்லன் ஒன்று உண்டு: பிங் ஏறி இறங்குவது. கேமர்கள் இதை ஜிட்டர் என்பார்கள். பிங் நிலையாக 60-ல் இருந்தால் விரல் அதற்குப் பழகிவிடும். 30, 90, 45, 140 என்று தாவினால் எந்தக் கைக்கும் பழகாது.

36,000 கிலோமீட்டரும் 550 கிலோமீட்டரும்

'சாட்டிலைட் இணையம்' என்று ஒரே பெயரில் இரண்டு முற்றிலும் வேறான சரக்குகள் விற்கப்படுகின்றன.

பழையது, நம் டிடிஹெச் டிஷ் பார்க்கும் செயற்கைக்கோள் வகை. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். பல ஏடிஎம்களின் தலையில் இருக்கும் விசாட் டிஷ் இதை நம்பித்தான் வேலை செய்கிறது. 1994-ல் தேசிய பங்குச் சந்தை நாடெங்கும் உள்ள தரகர்களைத் தன்னோடு இணைத்ததும் இதே விசாட் மூலம்தான். ஒரு செய்தி ஏறி இறங்கி, அதற்குப் பதில் ஏறி இறங்கி வர நான்கு பயணம். ஒளியின் வேகத்திலேயே போனாலும் 480 மில்லி செகண்ட் ஆகிவிடும். நடைமுறையில் 600-ஐத் தொடும். ஷூட்டிங் கேம் ஆடுபவர் அரை விநாடிக்கு முந்தைய உலகத்தைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருப்பார். எந்த விலைக்குக் கொடுத்தாலும் இது கேமிங்குக்கு ஆகாது. இதில் பேரமே இல்லை.

புதியது, தாழ்வாகச் சுற்றும் வகை. ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில். ஒன்வெப் 1,200 கிலோமீட்டரில். (ஒன்வெப்பின் 72 செயற்கைக்கோள்கள் நமக்குப் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட்டில் கிளம்பியவை. அந்த நிறுவனத்தின் தரை நிலையங்களுக்கு குஜராத்துடன் தமிழ்நாட்டிலும் அனுமதி கொடுக்கப்பட்டுள்ளது.) 550 கிலோமீட்டருக்கு ஏறி இறங்கும் தாமதம் வெறும் 7, 8 மில்லி செகண்ட்தான். தரை நிலையம், நெரிசல் எல்லாம் சேர்த்து, நிலப்பகுதியில் பொதுவாக 25 முதல் 60 மில்லி செகண்ட் என்று ஸ்டார்லிங்கே குறிப்பிடுகிறது.

25 கிடைத்தால் அருமை. 60 என்றாலும் நண்பர்களோடு பொழுதுபோக்காக ஆடப் போதும். சிக்கல் எங்கே என்றால், தாழ்வாக இருக்கும் செயற்கைக்கோள் ஓரிடத்தில் நிற்காது. மணிக்குச் சுமார் 27,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒன்று மறையும்போது அடுத்ததைப் பிடிக்க வேண்டும். ஸ்டார்லிங்க் 15 விநாடிக்கு ஒருமுறை எந்த டிஷ்ஷுக்கு எந்தச் செயற்கைக்கோள் என்று திரும்பத் திரும்ப முடிவு செய்கிறது. அந்த மாற்றங்களின்போது பிங் குதிக்கலாம், சில துளிகள் தொலையலாம். யூடியூப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. கடைசி வட்டத்தில் இரண்டு பேர் மிஞ்சியிருக்கும்போது கேமருக்குத் தெரியும்.

நம் ஊர் ஃபைபரோடு ஒப்பிட்டால்?

இங்கே சென்னைக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. கவுன்டர் ஸ்ட்ரைக் நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு மும்பையிலும் சென்னையிலும் சர்வர் உண்டு. வேலோரன்ட்டுக்கு மும்பையில் இருக்கிறது. நல்ல ஃபைபரில் ஊருக்குள்ளேயே இருக்கும் சர்வருக்கு ஒற்றை இலக்க பிங் கிடைக்கும். மும்பைக்கு 20, 30.

சிங்கப்பூர் சர்வரில் ஆடுபவர்களுக்கும் சென்னைதான் வாசல். ஐ2ஐ, டாடாவின் டிஐசி உள்ளிட்ட கடலடிக் கேபிள்கள் இங்கே கரையேறி, சுமார் 3,200 கிலோமீட்டர் நேராகச் சிங்கப்பூருக்குப் போகின்றன.

இந்தியப் பயனாளரின் தகவல் இந்தியாவில் உள்ள தரை நிலையம் வழியாகத்தான் போக வேண்டும் என்பது அரசின் பாதுகாப்பு நிபந்தனை. மந்தைவெளி மாடியிலிருந்து கிளம்பும் செய்தி மேலே போய், வேறொரு நகரத்துத் தரை நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து தரைவழி ஃபைபரில் சென்னை சர்வருக்குத் திரும்பும் நிலை வந்தால், மூக்கைச் சுற்றி வளைத்துத் தொடுகிற கதைதான்.

சென்னை வானத்தில் என்ன குறை?

இது அதிகம் பேசப்படாத விஷயம். ஸ்டார்லிங்கின் பெரும்பாலான செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு 43, 53 டிகிரி சாய்வில் சுற்றுகின்றன. இப்படிச் சுற்றும்போது அந்த அட்சரேகைகளுக்கு மேலேதான் கூட்டம் நெருக்கமாக இருக்கும். லண்டன் 51 டிகிரியில் இருக்கிறது. சென்னை 13 டிகிரியில். அங்குள்ளவர் தலைக்கு மேல் இருக்கும் எண்ணிக்கை நமக்கு மேல் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. பழைய உயரமான செயற்கைக்கோள்களின் சிக்னலுக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது என்பது சர்வதேச விதி. நம் ஊரில் அந்தப் பழைய செயற்கைக்கோள்களின் வரிசை கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே, சற்றுத் தெற்கே தள்ளி, கிழக்கு மேற்காகப் போகிறது. ஆகவே தாழ்வாகச் சுற்றுபவை அந்தப் பட்டையை விட்டு விலகித்தான் நம்மோடு பேச முடியும். வானத்தின் நல்ல பகுதியில் ஒரு துண்டு போய்விடுகிறது. மிஞ்சியதாவது முழுதாகத் தெரிய வேண்டும் இல்லையா? அங்கேதான் மாடிப் பிரச்சினை.

மாடி யாருடையது?

டிடிஹெச் டிஷ்ஷுக்கு ஒரே ஒரு திசை திறந்திருந்தால் போதும். பால்கனி கிரில்லில்கூட மாட்டிவிடலாம். ஸ்டார்லிங்க் டிஷ்ஷுக்கோ நூறு டிகிரிக்கு மேல் அகலமாகத் திறந்த வானம் வேண்டும். ஒரு தண்ணீர்த் தொட்டியோ தென்னையோ குறுக்கே நின்றால், செயற்கைக்கோள் அதன் பின்னால் போகும் ஒவ்வொரு முறையும் சில விநாடி இணைப்பு அறும். மயிலாப்பூரின் நெருக்கமான மாடவீதிச் சந்துகள், தி.நகரில் தனி வீட்டை ஒட்டி எழுந்து நிற்கும் வணிகக் கட்டடங்கள், அடையாறு காந்தி நகரின் தூங்குமூஞ்சி மரங்கள்: மூன்றிலும் தரைத்தளத்து வீட்டுக்காரர் மொட்டை மாடிக்குப் போயே ஆக வேண்டும்.

மொட்டை மாடி என்றால் அசோசியேஷன். "போன தடவை சோலார் பேனலுக்கே ஒத்துக்கல சார்" என்று சொல்லும் செக்ரட்டரியைத் தாண்ட வேண்டும். வாடகைக்கு இருப்பவர் வீட்டு ஓனரையும் தாண்ட வேண்டும். நான்காவது மாடியிலிருந்து கேபிளை வீட்டுக்கு இறக்கினால், மறுபடி ஒரு ஒயர் சுவரில் தொங்கும்.

கரன்ட் பில்லையும் மறக்க வேண்டாம். சாதாரண டிஷ் 75 முதல் 100 வாட் எடுக்கும், இரவு பகல் பாராமல். 75 வாட் என்றே வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 108 யூனிட். வீடுகளுக்கு அரசு தரும் இலவச 100 யூனிட்டை டிஷ் ஒன்றே தின்றுவிடும்.

எல்லோரும் வாங்கினால் என்ன ஆகும்?

ஒரு பகுதிக்கு மேலே இருக்கும் செயற்கைக்கோளின் திறனை அந்தப் பகுதியிலுள்ள எல்லா டிஷ்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆள் நெருக்கம் குறைந்த இடத்தில் பங்கு பெரிது. நகரத்தில் சிறிது. கென்யாவின் நைரோபியிலும் நைஜீரியாவின் லாகோஸிலும் 2024 நவம்பரில் இடம் நிரம்பிவிட்டது என்று புதிய இணைப்புகளையே ஸ்டார்லிங்க் நிறுத்தி வைத்தது. நைரோபியும் நம்மைப் போலப் பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர்தான்.

இந்திய ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கும் இது தெரியும். 2025 மே மாதப் பரிந்துரையில், நகர்ப்புற இணைப்பு ஒவ்வொன்றுக்கும் நிறுவனம் ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றது. கிராமப்புறத்துக்கு அந்தச் சுமை இல்லை. இந்தச் சேவை எங்கே போக வேண்டும் என்று அரசு நினைக்கிறது என்பதை இந்த 500 ரூபாயே காட்டிவிடுகிறது.

அந்தமானில் நடந்தது

சாட்டிலைட்டா, கேபிளா என்ற கேள்வியை வாழ்ந்து பார்த்தவர்கள் அந்தமான் மக்கள். தமிழர்கள் கணிசமாக வாழும் போர்ட் பிளேர் 2020 வரை உயரமான செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தது. தாமதமும் அதிகம், ஊருக்கே கிடைத்த அளவும் குறைவு. சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடி ஃபைபர் கேபிள் போடப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10-ம் தேதி பிரதமர் அதைத் தொடங்கி வைத்தார். 1,224 கோடி ரூபாய் திட்டம். வானத்தில் இணைப்பு இருந்தும், கடலுக்கடியில் இவ்வளவு செலவு செய்து ஒயர் இழுத்தார்கள். அந்த ஒயரின் மறுமுனை இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் நாம் ஒயரை வெட்டலாமா என்று யோசிக்கிறோம்.

சரி, பிரவுசிங், ஆபீஸ் வேலை?

இங்கே தாழ்வான வகை சாட்டிலைட்டுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கம் திறக்கும் முன் உங்கள் கருவி சர்வரோடு மூன்று, நான்கு முறை பேசிக்கொள்ளும். பழைய வகையில் ஒவ்வொன்றும் அரை விநாடிக்கு மேல் என்பதால், காலை தட்கல் நேரத்தில் ஐஆர்சிடிசி திறப்பதற்குள் டிக்கெட் போயிருக்கும். புதிய வகையில் 40, 50 மில்லி செகண்ட் என்பது கண்ணுக்கே தெரியாது. ஜூம் மீட்டிங்கும் ஓடிடியும் ஓடும்.

செஸ்ஸும் அப்படியே. ஆனால் செஸ்ஸில் வேறொரு பயம்: தாமதமில்லை, துண்டிப்பு. 2020 ஆகஸ்ட் 30 அன்று ஆன்லைன் ஒலிம்பியாட் இறுதிப் போட்டியில், நம் ஊர் விஸ்வநாதன் ஆனந்த் இடம்பெற்ற இந்திய அணி ரஷ்யாவோடு மோதியது. உலகளாவிய இணையத் தடங்கலில் நிஹல் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பை இழந்து நேரம் போய்த் தோற்றார்கள். பிறகு இரு அணிகளுக்கும் தங்கம் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. வீட்டிலிருந்து ரேட்டிங் ஆட்டம் ஆடும் பிள்ளைக்கு ஃபிடே வந்து பஞ்சாயத்து செய்யாது.

மழையும் புயலும்

டிடிஹெச் இருக்கும் வீட்டில் இதை விளக்கவே வேண்டாம். கொட்டும் மழையில் சீரியல் கட்டம் கட்டமாக உடைந்து 'நோ சிக்னல்' வரும். ஸ்டார்லிங்க் டிஷ்ஷுக்குச் சிக்னல் இறங்கும் அலைவரிசையும் அதே ரகம்தான். பெருமழையில் வேகம் குறையும், சில நிமிடம் போகவும் செய்யும்.

ஆனால் புயல் கடந்த மறுநாள் காலை நிலைமை தலைகீழ். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்து, அவற்றோடு கேபிள்களும் போயின. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரமே இல்லை. அப்படிப்பட்ட நாளில், டிஷ் பறக்காமல் நின்றிருந்தால், ஒரு 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரியில் அது மட்டும் 12 மணி நேரத்துக்கு மேல் ஓடும். டயாலிசிஸ் நோயாளி இருக்கும் வீடு, சின்ன மருத்துவமனை, வெளிநாட்டுக்கு வேலை செய்யும் சிறு அலுவலகம் ஆகியவை இதற்காக மட்டுமே பணம் செலவழித்தாலும் அது நியாயம்.

மற்றபடி இந்தச் சேவை உண்மையில் தேவைப்படுபவர்கள் ஃபைபர் எட்டாத மலைக் கிராமத்தில், தோப்பு வீட்டில், தீவில், கப்பலில் இருக்கிறார்கள். அங்கே 60 மில்லி செகண்ட் பிங் என்பது வரம்.

பணம் கட்டும் முன் வீட்டில் ஒரு சோதனை

கேம் லேக் ஆகிறது என்றால், ரவுட்டரிலிருந்து ஒரு லேன் ஒயரை நேராகக் கம்ப்யூட்டரில் செருகி, ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். பிங் சரியாகிவிட்டால் குற்றவாளி நிறுவனமில்லை, உங்கள் வைஃபை. மயிலாப்பூர் பழைய வீடுகளின் கனத்த சுவர் ஒன்றைத் தாண்டினாலே சிக்னல் பாதியாகிவிடும். 300 ரூபாய் ஒயர் தீர்க்கும் பிரச்சினைக்கு 30,000 ரூபாய் டிஷ் வேண்டியதில்லை. ஆடும் நேரத்தில் வேறு யாராவது பெரிய ஃபைல் அப்லோடு செய்கிறார்களா என்றும் பாருங்கள்.

ஒயரிலும் பிங் தாவுகிறது, அல்லது இணைப்பு மாதம் பல முறை அறுகிறது என்றால், இரண்டாவது ஃபைபர் இணைப்பைப் பாருங்கள். ஜியோ ஃபைபரின் 399 ரூபாய் திட்டம் 30 எம்பிபிஎஸ், 999 ரூபாய் திட்டம் 150 எம்பிபிஎஸ் (ஜிஎஸ்டி தனி). மற்ற நிறுவனங்களும் இதை ஒட்டியே இருக்கின்றன. வாங்கும்போது கேட்க வேண்டியது விலையை மட்டுமில்லை: "உங்க லைன் எந்தப் பக்கமா வருது? கம்பத்து மேலயா, தரைக்கு அடியிலயா?" இரண்டு நிறுவனமும் ஒரே கம்பத்தில் தொங்கினால், ஒரே கிளை விழுந்து இரண்டும் போகும்.

ஒயரே வேண்டாம் என்பவர்களுக்கு 5ஜி வழி வீட்டு இணையம் இருக்கிறது. ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பரில் முதலில் வந்த எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. மாலை நெரிசலில் அதன் பிங்கும் ஏறும். ஆனால் டவர் தெருமுனையில் இருக்கிறது, 550 கிலோமீட்டர் மேலே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் டிஷ்தான் வேண்டும் என்றால், முன்பதிவு திறக்கும் நாளில் பணம் கட்டும் முன் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். ஸ்டார்லிங்க் செயலியில் கேமராவை வானத்தைச் சுற்றிக் காட்டினால், எங்கெங்கே மறைக்கிறது என்று அதுவே படம் போட்டுக் காட்டும். அதில் தொட்டியோ மரமோ சிவப்பாகத் தெரிந்தால், அந்த மாடியில் கேமிங்கை மறந்துவிடலாம்.